மூன்றாம் ஓலை

அன்னம்மாளின் கல்யாணத்துக்காகக் கோயிலில் முதல் ஓலை படித்த மறுநாளிலிருந்து, ரங்கம்மாள் உலக்கை போடும்போது குரல் கொடுப்பதை நிறுத்திவிட்டாள்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் ஒருநாளும் பட்டை இடித்ததில்லை என்று அர்த்தம். சுண்ணாம்புக் குழியில் ஊறி மயிர் உதிர்ந்து வந்த தோல், அடுத்தபடியாக ஆவாரம்பட்டைத் தண்ணீரில் இறங்க வேண்டும். அந்தப் பட்டையை இடித்துக் கொடுப்பது பெண்களின் வேலை. தரையில் பதித்த கல் உரல் ஒன்றுக்கு இரண்டு பேர். ஒருத்தி நின்றுகொண்டு பூண் போட்ட உலக்கையால் இடிப்பாள். மற்றவள் குந்தி உட்கார்ந்து, உலக்கை மேலே போகிற நேரத்தில் உரலுக்குள் கையை விட்டு, ஓரத்தில் ஒதுங்கிய பட்டையை நடுவுக்குத் தள்ளிவிட்டு, உலக்கை இறங்குவதற்குள் கையை எடுத்துவிடுவாள். இடிக்கிறவள் உலக்கையைத் தூக்கும்போது 'ஹூம்' என்று ஒரு குரல் கொடுப்பாள். தள்ளுகிறவளுக்குக் கண்கூட வேண்டாம், அந்தக் குரல் போதும். மதியக் கஞ்சி வரைக்கும் ஒருத்தி இடிப்பாள். கஞ்சி குடித்த பிறகு ஆளை மாற்றிக்கொள்வார்கள்.

குரல் நின்றுபோனால் தள்ளுகிறவள் அண்ணாந்து பார்த்துப் பார்த்துத்தான் கையை விட வேண்டும். அன்னம்மாள் அன்று காலை முழுக்க ரங்கம்மாளின் தோளைப் பார்த்தே கையை விட்டாள். முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. 'உரலில் தலையை விட்டுவிட்டு உலக்கைக்குப் பயந்தால் ஆகுமா' என்று ஊரில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, அவர்கள் தலை வெளியேதானே இருக்கிறது!

அன்னம்மாளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அப்பா காலராவில் போனபின் அம்மாவுக்கும் அவளுக்கும் இந்த உரல்தான் சோறு போட்டது. ரங்கம்மாள் ஆறு வயது மூத்தவள், திமிரிப் பக்கத்துக்காரி. கல்யாணமான மறுவருஷமே ரங்கூனுக்குக் கப்பலேறிய புருஷன் காகிதம்கூடப் போடவில்லை. அவள் அழுது முடித்து, மூட்டையைக் கட்டிக்கொண்டு ஆம்பூருக்கு வந்தவள். மேஸ்திரி அப்துல் கஃபார் இருவரையும் ஒரே உரலில் ஜோடி சேர்த்து நாலு வருஷம் ஆகிறது. ஒருமுறை ஜோடி சேர்த்தால் கஃபார் லேசில் மாற்றமாட்டார். "பழகின கைய மாத்தினா வெரல் போய்டும்" என்பார்.

ரங்கம்மாளுக்குக் கதை சொல்லும் வாய். தன் கல்யாணக் கதையையே பத்துத் தடவை சொல்லியிருப்பாள். முகூர்த்தம் நெருங்கிவிட்டது, மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டான், தாய்மாமனைக் காணோம். பெண்ணைத் தன் மகனுக்குத் தரவில்லை என்ற கோபத்தில் மனுஷன் கள்ளுக்கடையில் உட்கார்ந்துவிட்டார். அவள் ஊரில் உரிமைப்பட்டவன் பந்தலுக்கு வந்து, நாலு பேர் கேட்க 'எனக்குச் சம்மதம்' என்று சொன்னால்தான் தாலி ஏறும். உச்சிவேளைக்குத் தள்ளாடிக்கொண்டு வந்து, அழுதுகொண்டே சொன்னாராம். "அந்த ஆளு சம்மதம் சொல்லாம இருந்திருந்தா நான் பொழச்சிருப்பேன்" என்று ரங்கம்மாள் முடிப்பாள். கொட்டகையே சிரிக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி அடைமழையில் பட்டையெல்லாம் நனைந்து வேலை நின்றது. ரங்கம்மாளின் ஒற்றை அறை வீட்டில் இருவரும் ஒதுங்கினார்கள். கையில் ஏறியிருந்த பட்டைக்கறையைப் புளி போட்டுத் தேய்த்துவிடுகிறேன் என்று ரங்கம்மாள் அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கறை போகவில்லை. கையையும் அவள் விடவில்லை, இவளும் எடுக்கவில்லை. அன்றிலிருந்து ஷாப்பில் 'அக்கா' என்று கூப்பிட்டவள், அந்த அறைக்குள் போனால் 'ரங்கு' என்று கூப்பிட்டாள். அன்னம்மாள் அதற்குப் பேர் தேடவில்லை. சந்தோஷமாக இருந்தாள், அவ்வளவுதான்.

தன் மனசு இந்தத் திசையில் போய்விட்டது, இனி ஆம்பிளைப் பக்கம் திரும்பாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். திரும்பியது. காவேரிப்பாக்கத்திலிருந்து பட்டை வண்டி ஓட்டிவந்த தேவசகாயம், மேடேறி வந்து நின்றதும் முதல் வேலையாகத் தன் மாடுகளிடம் மன்னிப்புக் கேட்டான். "மன்னிச்சுக்குங்கடா, பாரம் ஜாஸ்திதான்" என்றான். மாட்டிடம் மன்னிப்புக் கேட்கிற மனுஷனை அவள் அதுவரை பார்த்ததில்லை. சிரித்துவிட்டாள். அவன் திரும்பிப் பார்த்தான். மழைநாளில் எந்த இடத்தில் எது அசைந்ததோ, அதே இடத்தில் அதுவே மறுபடி அசைந்தது.

ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும் என்பதுதானே உலக வழக்கம். எது குறைந்தது என்று அவள் தன்னையே பல நாள் சோதித்துப் பார்த்தாள். ரங்கம்மாள் வாசலில் நின்றால் மனசு ஓடியது. வண்டிமாட்டுச் சலங்கை கேட்டாலும் மனசு ஓடியது. எதுவும் குறையவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

தேவசகாயம் முறையாகப் பெண் கேட்டு வந்தான். அம்மா மகிழ்ந்துபோனாள். வேதக்கோயில் பாதிரியான ஐயர் வீட்டுக்கு வந்து, "வேறே யாரோடாவது உனக்கு உறவு உண்டா, மகளே?" என்று வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார். அவர் ஆண்பிள்ளைகளை நினைத்துக் கேட்டார் என்று அவளுக்குத் தெரியும். "இல்லை ஐயரே" என்றாள். சொல்லி முடித்ததும் நாக்கு கசந்தது.

ரங்கம்மாளிடம் சொன்னது கொட்டகையில், கஞ்சி வேளையில். அந்த அறைக்குள் வைத்துச் சொல்ல அவளால் முடியவில்லை.

ரங்கம்மாள் கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தாள். "அப்ப எங்கூட இருந்தது வெளையாட்டா?"

"இல்ல."

"அந்த ஆளோட?"

"அதுவும் வெளையாட்டு இல்ல. ரெண்டும் நெஜம்."

"ஒரு ஒறையில ரெண்டு கத்தி இருக்குமாடி? ஏதாவது ஒண்ணு பொய்யாத்தான் இருக்கணும். எது பொய்யின்னு சொல்லு, நான் போய்டறேன்."

 உரலுக்கு ஒரு பக்கம்தான் இடி, மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. பக்கத்து உரல்காரிகள் திரும்பிப் பார்க்கத் தொடங்கியதும் ரங்கம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"எப்போ கல்யாணம்?"

"மூணு ஓலை படிச்ச பொறவு."

"ஓலைன்னா இன்னா?"

"மூணு ஞாயித்துக்கெழம ஐயர் கோயில்ல எங்க ரெண்டு பேரு பேரையும் படிப்பாரு. இந்தக் கல்யாணத்துக்குத் தடை சொல்ல உரிமை இருக்கறவங்க சொல்லலாம்னு கேப்பாரு."

"உரிமை இருக்கறவங்களா?" ரங்கம்மாள் அந்த வார்த்தையை இரண்டு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "யாரு வேணும்னாலும் கோயிலுக்கு வர்லாமா?"

"வர்லாம்."

மேலே ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் கஃபார் கைதட்டிக் கூப்பிட, எல்லாரும் எழுந்தார்கள். ரங்கம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டே, "மூணாவது ஓலைக்கு நான் வர்றேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அன்னம்மாள் இவ்வளவு பயந்திருக்கமாட்டாள்.

ஷாப்புக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குப் போகிறவர்களுக்குக் கஃபார் அரைநாள் விடுவார். கோயிலும் ஷாப்பும் ஒரே தெருவின் இரண்டு கோடி என்பதால், ஜெபத்தின் நடுவிலும் உலக்கைச் சத்தம் கேட்கும். முதல் ஓலையை ஐயர் படித்து, தடை உண்டா என்று கேட்டு, வழக்கம்போல் கொஞ்சநேரம் காத்திருந்தார். யாரும் பதில் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் உலக்கைகள் மட்டும் இடித்துக்கொண்டிருந்தன. 

அதற்கு மறுநாள்தான் குரல் நின்றது.

வேறு எதுவும் மாறவில்லை. ரங்கம்மாள் நேரத்துக்கு வந்தாள், இடித்தாள், போனாள். ஒரு சுடுசொல் கிடையாது. ஆனால் உலக்கை மேலே போனால் உடனே இறங்காமல் ஒரு நொடி அங்கேயே நின்றது. அன்னம்மாளின் கை உள்ளே இருக்கும், உலக்கை மேலே நிற்கும். கையை எடுத்த பிறகுதான் இறங்கும். அந்த வாரக் கடைசியில் ஒரு தடவை, கையை எடுத்தும் எடுக்காததுமாக இறங்கி நகநுனியில் காற்றடித்தது.

"பயமா?" என்று மேலேயிருந்து கேட்டாள் ரங்கம்மாள்.

"இல்ல."

"பொய் சொல்லு. நல்லா பழகிக்க" என்றாள் ரங்கம்மாள்.

அன்னம்மாள் வீட்டுக்குப் போய்த் தன் வலதுகையை விளக்கடியில் வைத்துப் பார்த்தாள். ஐந்து விரலும் இருந்தன. இந்தக் கையில்தான் தேவசகாயம் மோதிரம் போடப் போகிறான். கஃபாரிடம் ஜோடி மாற்றச் சொல்லலாம். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? வேலைக்குப் போகாமல் நின்றுவிடலாம். நின்றால் மூன்றாம் ஓலைக்கு வருகிறவளின் கோபம் இன்னும் ஏறாதா? கையையும் காப்பாற்ற வேண்டும், வாயையும் அடைக்க வேண்டும், கல்யாணமும் நடக்க வேண்டும். அதைவிட வெட்கக்கேடு, ரங்கம்மாளும் வேண்டும். இதை யாரிடம் சொல்லி அழுவாள்?

இரண்டாம் ஓலையும் தடையில்லாமல் முடிந்தது.

அடுத்த வியாழக்கிழமை, கஞ்சி வேளை தாண்டி, ஆள் மாறியிருந்தது. அன்னம்மாள் இடித்தாள், ரங்கம்மாள் தள்ளினாள். தன் முறையில் அன்னம்மாளும் குரல் கொடுப்பதை விட்டிருந்தாள். அவள் கொடுக்கவில்லை, நான் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும் என்ற ரோஷம். ரங்கம்மாள் அண்ணாந்து பார்க்கவே இல்லை. தலையைக் குனிந்தபடி, பழைய கணக்கிலேயே கையை விட்டு எடுத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் சலங்கை கேட்டது. அன்னம்மாள் திரும்பினாள். தேவசகாயம் மாட்டுக் கழுத்தைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள். கையிலிருந்த உலக்கை இறங்கியது.

சத்தம் வேறுமாதிரி இருந்தது. ரங்கம்மாள் கத்தவில்லை. உரலைப் பார்த்தபடி, "எடு, எடு" என்று மட்டும் சொன்னாள்.

ஓடிவந்த கஃபார் தன் தோள்துண்டைக் கிழித்துச் சுற்றினார். "எப்படியம்மா ஆச்சு?" என்று அன்னம்மாளைத்தான் கேட்டார். ரங்கம்மாள் முந்திக்கொண்டாள். "அந்தப் பொண்ணு ஒழுங்காத்தான் போட்டுச்சு. நான்தான் கைய லேட்டா எடுத்தேன், மேஸ்திரி." தேவசகாயமே தன் வண்டியில் அவளை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் அன்னம்மாள் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனாள். ரங்கம்மாள் கட்டுப்போட்ட கையை மார்பில் வைத்துப் படுத்திருந்தாள். இரண்டு வாரத்தில் முதல்முறையாக முகத்துக்கு முகம் பார்த்தார்கள்.

"தெரிஞ்சு போட்டியா?" என்று கேட்டாள் ரங்கம்மாள்.

இல்லை என்று சொல்ல அன்னம்மாள் வாயைத் திறந்தாள். அந்த நொடியைத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். இந்த இரண்டு வாரமும் எத்தனை தடவை, இவள் இல்லாமல் போனால் தேவலை என்று நினைத்திருக்கிறோம் என்பதும் சேர்ந்து நினைவுக்கு வந்தது.

"தெரியல" என்றாள். அழுதாள்.

 ரங்கம்மாள் நல்ல கையால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "நான் உன் கைய நசுக்கிடுவேன்னு பயந்துட்டே இருந்தல்ல? எனக்கும்தான் பயம். அதான் ஒலக்கைய மேலயே நிறுத்தி நிறுத்திப் போட்டேன்." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். "போ. ஞாயித்துக்கெழம வர்றேன்."

வரவேண்டாம் என்று அன்னம்மாளால் எப்படிச் சொல்ல முடியும்? இரண்டு விரலை வாங்கிக்கொண்ட பிறகு வாயையும் மூடு என்று கேட்கலாமா?

மூன்றாம் ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. வலதுபக்கம் ஆண்கள், இடதுபக்கம் பெண்கள். மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்ததால் முன்பாய் முழுக்கப் புதுவேட்டியாக இருந்தது. ஐயர் ஓலையைக் கையில் எடுத்தபோது கதவருகே நிழல் விழுந்தது. ரங்கம்மாள் வெளுத்த சேலை கட்டி, முகத்துக்கு மஞ்சள் பூசி, தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கல்யாணத்தை நிறுத்த வருகிறவள் பூ வைத்துக்கொண்டு வருவாளா? அன்னம்மாள் அதை யோசித்திருக்கலாம். பயந்தவளுக்குக் கட்டுப்போட்ட கை மட்டும்தான் தெரிந்தது.

ஐயர் இருவர் பெயரையும் படித்தார். "இது மூன்றாவதும் கடைசியுமான தரம். இந்த விவாகத்துக்குத் தடை சொல்ல யாருக்காவது உரிமை உண்டானால் இப்போது சொல்லலாம்."

அவர் வழக்கம்போல் காத்திருந்தார். தெருக்கோடியில் உலக்கைகள் இடித்துக்கொண்டிருந்தன. ரங்கம்மாள் ஒரு பக்கம் பார்த்தாள், இன்னொரு பக்கம் பார்த்தாள். யாரும் பேசவில்லை. ஐயர் கேட்டுவிட்டு நிற்கிறார், கல்யாணம் தன் ஒரு சொல்லுக்காக நிற்கிறது என்றுதான் அவள் புரிந்துகொண்டாள். அவள் மாமன் தள்ளாடி வந்து நின்றதுபோல் இவளும் இரண்டடி உள்ளே வந்து நின்றாள். கட்டுப்போட்ட கையைத் தூக்கினாள்.

"எனக்குச் சம்மதங்க, ஐயரே" என்றாள். நாலு பேர் கேட்க, தெளிவாக, குரல் நடுங்காமல் சொன்னாள். "நான் தடை சொல்லல. மனசாரச் சொல்றேன், நடக்கட்டும்."

கோயில் முழுக்கத் திரும்பியது. அந்தச் சபையில் இத்தனை வருஷத்தில் ஓலைக்கு யாரும் பதில் சொன்னதில்லை. தடை இருந்தால்தான் பேச வேண்டும், சும்மா இருப்பதே சம்மதம் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். அதை அன்னம்மாள் அவளுக்குச் சொல்லவில்லை. ஆண்கள் பக்கத்தில் தேவசகாயம் முதலில் ரங்கம்மாளைப் பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பி அன்னம்மாளைப் பார்த்தான்.

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரம்மா நீ? உன்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லையே. பெண்ணுக்கு நீ என்ன வேணும்?"

தான் செய்தது என்ன என்று ரங்கம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது.  அன்னம்மாளைப் பார்த்தாள். என்ன வேணும் என்பதை நீயே சொல்லு என்பதுபோல் பார்த்தாள். தூக்கிய கை இன்னும் இறங்கவில்லை.

அம்மா பக்கத்திலிருந்து இடித்தாள். அன்னம்மாள் எழுந்தாள்.

"கூட வேல செய்றவங்க, ஐயரே" என்றாள். "அவங்களுக்கு நம்ம வழக்கம் தெரியாது."

ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ரங்கம்மாளின் கை இறங்கியது. "ஆமாங்க, தெரியாம பேசிட்டேன்" என்று சொல்லி, ஐயருக்கு ஒரு கும்பிடு போட முயன்று, ஒரு கையால் கும்பிட முடியாமல் அப்படியே திரும்பிப் போனாள். ஓலை தடையில்லாமல் முடிந்தது என்று ஐயர் அறிவித்தார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது தேவசகாயம் வண்டியருகே நின்றிருந்தான். மாடுகளைப் பூட்டவில்லை.

"அன்னம், கூட வேல செய்றவ எதுக்குச் சம்மதம் சொல்லணும்?"

அவன் குரலில் கோபமில்லை. அவளுக்கு அவன் மேல் ஆசை பொங்கியது. இவனிடமும் ஒரு பொய் சொன்னால் தன்னிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது என்று தோன்றியது.

"உங்க மேல எனக்கு எப்படியோ, அவங்க மேலயும் அப்படித்தான்" என்றாள்.

அவனுக்குப் புரியக் கொஞ்சநேரம் ஆனது. "அப்ப என் மேல இருக்கறது?"

"அதுவும் நெஜம்தான்."

"ரெண்டும் எப்படி நெஜமா இருக்கும்?" ரங்கம்மாள் கேட்ட அதே கேள்வி. அன்னம்மாள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். எத்தனை தடவை கேட்டாலும் அவளிடம் இருந்தது ஒரே பதில்தான், அதை அவள் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். அவன் நுகத்தடியைத் தடவிக்கொண்டு நின்றான். கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. "நான் ஊருக்குப் போய்ட்டு வர்றேன்" என்றான். எப்போது வருவான் என்று சொல்லவில்லை. மாடுகளைப் பூட்டினான். அன்றைக்கு அவற்றிடம் எதுவும் பேசவில்லை.

அவள் ரங்கம்மாள் வீட்டுக்கு ஓடினாள். கதவில் பூட்டுத் தொங்கியது. வாசலில் கனகாம்பரச் சரம் கிடந்தது. மூட்டையும் கையுமாக ஸ்டேஷன் பக்கம் போனாள் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். ஸ்டேஷனுக்கு ஓடினாள். ரயில் போயிருந்தது.

அரைநாள் லீவு முடிந்து கொட்டகைக்கு வந்தவளைக் கஃபார் பார்த்தார். "ஜோடி இல்லயே, பொண்ணு. நாளைக்கு வேற ஆளப் போடறேன். இன்னிக்கு வீட்டுக்குப் போ."

"வேற ஆள் வேணாம், மேஸ்திரி."

"பின்ன? ஒத்தையிலயா? பேஜாரா போய்டும், கை மிஞ்சாது."

அவள் உரலில் பட்டையைக் கொட்டினாள். உலக்கையைத் தூக்க இரண்டு கை வேண்டும். அவள் ஒரு கையால் தூக்கினாள். 'ஹூம்' என்று குரல் கொடுத்தாள். மறுகையை உரலுக்குள் விட்டாள்.